வேலைவாரி அடக்கவிலை முறையில் உற்பத்தி நடவடிக்கைகளைப் பதிதல்

வாடிக்கையாளர் கேட்கும் ஒவ்வொரு வேலையையும் தனி அலகாக எடுத்துக்கொண்டு, அதற்குப் போன பொருள், கூலி, மேற்செலவு மூன்றையும் அந்த வேலையின் பெயரிலேயே திரட்டும் கணக்கு முறை வேலைவாரி அடக்கவிலை முறை. தொழிற்கூடங்களில் இதை ‘ஜாப் காஸ்டிங்’ என்றே சொல்கிறார்கள். ஒரு வேலை இன்னொன்றைப் போல் இராத இடமெல்லாம் இதன் களம்: அச்சகம், வார்ப்படப் பட்டறை, கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் கூடம், கப்பல் பழுதுபார்க்கும் துறை. ஒரே பொருள் இடைவிடாமல் ஓடிவரும் சிமென்ட் ஆலைக்கும் சர்க்கரை ஆலைக்கும் செயல்முறை அடக்கவிலை முறை பொருந்தும். அங்கே மாதச் செலவை மாத உற்பத்தியால் வகுத்தால் ஒரு டன்னின் அடக்கவிலை வந்துவிடும். அச்சகத்திலோ நகைக்கடை காலண்டரையும் கோயில் விழா மலரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் வரும் சராசரி எந்த வேலையின் விலையையும் சொல்லாது.

கலைச்சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. இக்கட்டுரை தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றிப் பற்று, வரவு என்ற சொற்களை ஆள்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பற்றுக்கு ‘வரவு’ என்றும், வரவுக்குச் ‘செலவு’ என்றும் பெயர். அடக்கவிலை அங்கே ‘கிரயம்’, மேற்செலவு ‘மேந்தலை’. ‘வரவு’ என்ற ஒரே சொல் கடலின் இரு கரையிலும் எதிரெதிர்ப் பக்கத்தைக் குறிப்பதால், இரு நாட்டு நூல்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

ஆன்ட்வெர்ப் அச்சகத்தின் பேரேடு

இந்த முறையின் பழைய சான்றுகளில் ஒன்று ஓர் அச்சகத்திலிருந்தே கிடைக்கிறது. கிறிஸ்தோஃப் பிளான்டின் 1555-இல் ஆன்ட்வெர்ப் நகரில் அச்சுத் தொழில் தொடங்கினார். 1563-இல் வணிகர் சிலரைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டபோது, இத்தாலிய வணிகர்களின் இரட்டைப் பதிவு முறையில் கணக்கு வைக்கும் கட்டாயம் வந்தது. அந்தப் பேரேடுகளில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனிக் கணக்கு இருந்தது. அதற்கென வாங்கிய தாள், எழுத்துக் கோப்பவர்களுக்கும் அச்சடிப்பவர்களுக்கும் தந்த கூலி போன்றவை அந்தக் கணக்கில் பற்றாக ஏறின. அச்சு வேலை முடிந்ததும் திரண்ட தொகை இருப்புப் புத்தகக் கணக்குக்கு மாறியது. இன்று தயாரிப்பிலுள்ள வேலைக் கணக்கிலிருந்து முடிவுற்ற சரக்குக் கணக்குக்கு மாற்றும் பதிவு என்று மாணவர்கள் எழுதுவது இதையேதான்.

பிளான்டினின் வீடும் அச்சகமும் இப்போது பிளான்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகம். 2005 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது. உலகிலேயே எஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சுப் பொறிகள் இரண்டு அங்கே நிற்கின்றன. அச்சுப் பொறிகளோடு கணக்கேடுகளும் காப்பாற்றப்பட்டிருப்பது கணக்கியல் வரலாற்றின் நற்பேறு.

தாளும் கூலியும் எந்தப் புத்தகத்துக்குப் போயின என்பது கண்ணுக்குத் தெரியும். வாடகையும் பொறியின் தேய்மானமும் அப்படித் தெரிவதில்லை. மேற்செலவை வேலைகளுக்குப் பங்கிடும் நெறி பல நூற்றாண்டுகள் கழித்தே உருவானது. இங்கிலாந்தில் பிறந்த பொறியாளர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் சர்ச் 1901-இல் ‘தி இன்ஜினியரிங் மேகசின்’ இதழில் எழுதிய தொடர் கட்டுரைகள், பொறி ஓடிய நேரத்தை வைத்து மேற்செலவை ஏற்றும் முறைக்கு வலுவான அடித்தளம் இட்டன. அச்சுத் தொழிலில் அதன் தேவை அப்போது கடுமையாக இருந்தது. அடக்கவிலை தெரியாமலே ஒருவரை ஒருவர் விஞ்சி விலையைக் குறைத்து அச்சகங்கள் நொடித்தன. 1909-இல் சிகாகோவில் அச்சக முதலாளிகள் அடக்கவிலைக்கென்றே மாநாடு கூட்டினார்கள். 1913-இல் பிரிட்டனின் அச்சக உரிமையாளர் கூட்டமைப்பு தன் உறுப்பினர்களுக்குப் பொதுவான அடக்கவிலை முறையை வகுத்துத் தந்தது.

சிவகாசி ஏன் நல்ல எடுத்துக்காட்டு

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியில் இரண்டு அடக்கவிலை முறைகளையும் ஒரே தெருவில் பார்க்கலாம். 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊரின் தொழில் வாழ்வைத் தொடங்கிவைத்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சு வந்தது. பிறகு அச்சே தனிப் பெருந்தொழிலாயிற்று. தீப்பெட்டி ஆலையின் கணக்கு செயல்முறைக் கணக்கு. பக்கத்து அச்சகத்தின் கணக்கு வேலைவாரிக் கணக்கு.

அச்சகத்துக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. காலண்டர் அச்சகங்கள் ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டுப் புத்தாண்டுக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிடுகின்றன. அன்று தொடங்கும் ஓட்டம் மார்கழி வரை ஓயாது. பொங்கல் கழிந்தால் இயந்திரங்கள் மூச்சு வாங்கும். வேலை இப்படிப் பருவத்தோடு ஏறி இறங்கும் இடத்தில்தான் மேற்செலவை எப்படிப் பதிவது என்ற கேள்வி உண்மையான கனத்தோடு எழுகிறது.

கீழே வரும் தொகைகள் முறையை விளக்குவதற்காக அமைத்த கற்பனைத் தொகைகள். நடுத்தர அச்சகம் ஒன்றில் நவம்பர் மாதம் மூன்று வேலைகள் ஓடுகின்றன. 101-ஆம் வேலை, நகைக்கடைக்குப் பன்னிரண்டு தாள் மாதக் காலண்டர் 10,000. 102-ஆம் வேலை, கோயில் குடமுழுக்கு மலர் 2,000 படிகள். 103-ஆம் வேலை, நிதி நிறுவனம் ஒன்றுக்குப் புத்தாண்டு டைரி 5,000.

வேலை அட்டை

ஆர்டர் உறுதியானதும் வேலைக்கு ஓர் எண் விழுகிறது. அந்த எண்ணில் ஒரு வேலை அட்டை, அதாவது ஜாப் கார்டு, திறக்கப்படுகிறது. பல அச்சகங்களில் அது அட்டையாகக்கூட இராது. மாதிரித் தாள், புரூஃப், ஆர்டர் நகல் எல்லாவற்றையும் போட்டு வைக்கும் பெரிய உறையாக இருக்கும், உறையின் மேலேயே கணக்குக் கட்டங்கள் அச்சிட்டிருக்கும். இந்த அட்டை பிரி-பிரஸ், மெஷின், பைண்டிங் என்று வேலையோடு கூடவே பிரிவு பிரிவாக நகர்கிறது.

கணக்கியல் நோக்கில் வேலை அட்டை ஒரு துணைப் பேரேட்டுக் கணக்கு. பொதுப் பேரேட்டில் ‘தயாரிப்பிலுள்ள வேலைகள்’ என்று ஒரே ஒரு கட்டுப்பாட்டுக் கணக்கு இருக்கும். அதில் பற்றாகும் ஒவ்வொரு ரூபாயும் ஏதேனும் ஒரு வேலை அட்டையிலும் ஏறியாக வேண்டும். மாத முடிவில் முடியாத அட்டைகளின் கூட்டுத்தொகையும் அந்தக் கணக்கின் நிலுவையும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தப் பொருத்தம் இல்லாத இடத்தில் மற்றப் பதிவுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை என்பதே இக்கட்டுரையாசிரியரின் உறுதியான கருத்து.

மூலப்பொருள்

தாள், பிளேட், மை ஆகியவற்றை வாங்கும்போது எந்த வேலைக்கு என்று பதிவதில்லை. எல்லாம் மூலப்பொருள் இருப்புக் கணக்கில் பற்றாகும். உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பக் கிடைக்கும் ஜிஎஸ்டி பொருளின் விலையில் சேராது, தனிக் கணக்குக்குப் போகும். நவம்பரில் வாங்கியது, வரி நீங்கலாக, 6,50,000 ரூபாய். தொடக்க இருப்பு 1,80,000.

மூலப்பொருள் இருப்பு க/கு … பற்று 6,50,000
கடனீந்தோர் க/கு … வரவு 6,50,000

ஸ்டோரிலிருந்து பொருள் வெளியே போக ஸ்டோர் சீட்டு வேண்டும். வேலை எண் எழுதாத சீட்டுக்குப் பொருள் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அந்தப் பொருள் வேலை எண் இல்லாமல் மிதந்து கடைசியில் யாரோ ஒருவரின் வேலையில் விழும். அடுத்த நகைக்கடை காலண்டருக்கு விலை சொல்லும்போது அந்தப் பிழை அப்படியே திரும்பி வரும். இந்த மாதச் சீட்டுகளின்படி 101-க்கு 2,86,000, 102-க்கு 1,20,000, 103-க்கு 2,10,000 ரூபாய்ப் பொருள் போனது. இயந்திரம் கழுவும் கரைப்பான், எண்ணெய், துடைக்கும் துணி போன்றவை எந்த வேலைக்கும் உரியவையாகப் பிரியாது. அந்த 15,000 ரூபாய் மறைமுகப் பொருள்.

தயாரிப்பிலுள்ள வேலைகள் க/கு … பற்று 6,16,000
மேற்செலவுக் கட்டுப்பாட்டு க/கு … பற்று 15,000
மூலப்பொருள் இருப்பு க/கு … வரவு 6,31,000

காலண்டர் ஓடி முடிந்தபின் 6,000 ரூபாய் ஆர்ட் பேப்பர் மிஞ்சியது. அது திருப்புச் சீட்டோடு ஸ்டோருக்குத் திரும்பியது. மூலப்பொருள் கணக்கில் பற்று, தயாரிப்பிலுள்ள வேலைகள் கணக்கில் வரவு, 101-ஆம் அட்டையில் கழிவு. இந்தச் சிறு பதிவைச் சோம்பலால் விட்டுவிடும் அச்சகங்கள் அதிகம். மிஞ்சிய தாள் அடுத்த வேலைக்குச் சத்தமில்லாமல் போய்விடும். ஒரு வேலை உண்மையைவிட விலை கூடியதாகவும் இன்னொன்று மலிவாகவும் தோன்றும். திருப்புச் சீட்டு எழுதினால் 101-இன் நிகரப் பொருள் 2,80,000. ஸ்டோரின் மாத முடிவு இருப்பு 2,05,000.

ஒரே தாளைப் பல விலைகளில் வாங்கியிருந்தால் எந்த விலையில் வழங்குவது? இந்தியக் கணக்கியல் தரநிலை முதலில் வந்தது முதலில் போவது, எடையிட்ட சராசரி ஆகிய இரண்டையும் ஏற்கிறது. கடைசியில் வந்தது முதலில் போவது என்ற முறைக்கு இடமில்லை. ஒரு வேலைக்கென்றே தனியாக வாங்கிய சிறப்புத் தாளை அதன் சொந்த விலையிலேயே அந்த வேலையில் ஏற்ற வேண்டும்.

கூலி

கூலிக்கு இரண்டு ஆவணங்கள். ஆள் எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தார் என்பதை வருகைப் பதிவு சொல்லும். அந்த நேரம் எந்த வேலையில் கழிந்தது என்பதை டைம் ஷீட் சொல்லும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இடைவெளி இருந்தால் அது சும்மா இருந்த நேரம், அதற்குக் காரணம் எழுதியாக வேண்டும். ஃபாரம் எனும் அச்சான தாளை மடிப்பது, காலண்டருக்குத் தகரம் அடிப்பது போன்றவற்றுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கூலி தருவது வழக்கம். அங்கே எண்ணிக்கைச் சீட்டே வேலை எண்ணைச் சுமக்கும்.

நவம்பர் கூலி மொத்தம் 1,65,000. அதில் 40,000, 35,000, 45,000 என்று மூன்று வேலைகளுக்கும் நேரடியாகப் போனது 1,20,000. சூப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர், கூட்டித் துடைப்பவர், காவலாளி ஆகியோரின் ஊதியம் 45,000.

தயாரிப்பிலுள்ள வேலைகள் க/கு … பற்று 1,20,000
மேற்செலவுக் கட்டுப்பாட்டு க/கு … பற்று 45,000
கூலிக் கட்டுப்பாட்டு க/கு … வரவு 1,65,000

கூலிக் கட்டுப்பாட்டுக் கணக்கில் முன்பே பற்றாகியிருப்பது மொத்தக் கூலி. கையில் கொடுத்த பணத்தோடு, தொழிலாளியிடம் பிடித்த வருங்கால வைப்பு நிதியும் இஎஸ்ஐ தொகையும் அதில் அடங்கும். முதலாளி தன் பங்காகக் கட்டும் 12 சதவீத வைப்பு நிதியும் 3.25 சதவீத இஎஸ்ஐயும் ஆளுக்கான செலவே. அவற்றை மணிக்கூலி வீதத்தில் சேர்த்து வேலைகளுக்கு ஏற்றுவது துல்லியம். பல இடங்களில் மேற்செலவில் போட்டுவிடுகிறார்கள்.

ஓவர்டைம் கூலியில் சாதாரண வீதத்துக்கு மேலே தரும் பகுதி எங்கே போகும் என்பது காரணத்தைப் பொறுத்தது. சீசன் நெருக்கடியால் எல்லா வேலைக்கும் பொதுவாக இரவு ஓட்டினால் அது மேற்செலவு. இரவு எட்டு மணிக்கு எந்த வேலை மெஷினில் இருந்தது என்பது தற்செயல். அதை வைத்து ஒரு வாடிக்கையாளர் தலையில் கூடுதல் கூலியைக் கட்டுவது நியாயமில்லை. குடமுழுக்கு நாள் முன்கூட்டி வந்துவிட்டது, மலர் நாளையே வேண்டும் என்று கோயில் நிர்வாகம் கேட்டு, கூடுதல் கூலிக்கும் ஒப்புக்கொண்டால் அது 102-இன் நேரடிச் செலவு.

வெளியே லேமினேஷனுக்கோ ஃபாயில் அச்சுக்கோ அனுப்பிச் செய்துவாங்கும் கட்டணமும் நேரடிச் செலவுதான். அதைத் தொழிலில் ‘ஜாப் ஒர்க்’ என்பார்கள். வேலைவாரி அடக்கவிலையோடு பெயர் ஒற்றுமை தவிர வேறு உறவு இல்லை. நம் மூன்று வேலைகளுக்கும் அந்தச் செலவு நேரவில்லை என்று கொள்வோம்.

மேற்செலவு

முறையின் கடினமான பகுதி இது. உண்மையான மேற்செலவுகள் நேர நேர, கட்டுப்பாட்டுக் கணக்கில் பற்றாகின்றன. ஏற்கெனவே வந்த மறைமுகப் பொருள் 15,000, மறைமுகக் கூலி 45,000 ஆகியவற்றோடு, மின்சாரம் 48,000, தேய்மானம் 62,000, கட்டட வாடகை 25,000, பழுதும் காப்பீடும் 20,000 சேர்ந்து நவம்பரில் 2,15,000 ரூபாய். இவற்றில் எதுவும் நேரே வேலை அட்டைக்குப் போகாது.

வேலை அட்டைக்குப் போவது முன்கூட்டி முடிவு செய்த வீதத்தில் கணக்கிட்ட தொகை. ஆண்டுத் தொடக்கத்தில் அச்சகம் இரண்டு மதிப்பீடுகள் செய்கிறது: ஆண்டு மேற்செலவு 24,00,000 ரூபாய், இயல்பான ஆண்டொன்றில் இயந்திரம் ஓடும் நேரம் 3,000 மணி. வகுத்தால் மணிக்கு 800 ரூபாய். 101 ஓடிய 110 மணிக்கு 88,000. 102-இன் 90 மணிக்கு 72,000. 103-இன் 140 மணிக்கு 1,12,000.

தயாரிப்பிலுள்ள வேலைகள் க/கு … பற்று 2,72,000
மேற்செலவுக் கட்டுப்பாட்டு க/கு … வரவு 2,72,000

உண்மைச் செலவு கையில் இருக்கும்போது மதிப்பீட்டை ஏன் ஏற்ற வேண்டும் என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் பருவத்தில் இருக்கிறது. நவம்பரில் 340 மணிக்கு 2,15,000 என்றால் உண்மை வீதம் மணிக்குச் சுமார் 632 ரூபாய். பிப்ரவரியில் வேலை குறைந்து இயந்திரம் 130 மணி நேரமே ஓடியது என்று கொள்வோம். வாடகையும் தேய்மானமும் குறையவில்லை, மேற்செலவு 1,80,000. வீதம் மணிக்குச் சுமார் 1,385 ரூபாய். 101-ஐப் போன்ற அதே காலண்டரை நவம்பரில் அடித்தால் மேற்செலவு ஏறத்தாழ 69,500, பிப்ரவரியில் அடித்தால் 1,52,300. தாள் மாறவில்லை, ஆள் மாறவில்லை, மெஷின் மாறவில்லை. மாதம் மட்டும் மாறியது. இந்தக் கணக்கை நம்பி விலை சொல்பவர் வேலையில்லாத மாதத்தில் விலையை ஏற்றி வந்த ஆர்டரையும் விரட்டுவார். சீசனில் மலிவாகக் கொடுத்து ஆண்டு முழுவதற்குமான வாடகையை ஈட்டத் தவறுவார். சும்மா நிற்கும் பிப்ரவரியையும் சேர்த்துத்தான் நவம்பர் சுமக்க வேண்டும். ஆண்டு வீதம் அதைச் செய்கிறது. அதோடு, வேலை முடிந்த அன்றே அடக்கவிலை தெரிய வேண்டும். மின்கட்டண ரசீது வரும்வரை வாடிக்கையாளர் காத்திருக்கமாட்டார்.

எதை அடிப்படையாக வைத்து ஏற்றுவது என்பதிலும் சிந்தனை வேண்டும். அச்சகத்தில் மேற்செலவைத் தின்பது இயந்திரம், ஆகவே இயந்திர மணி பொருத்தம். கையால் மடித்துத் தைக்கும் பைண்டிங் பிரிவுக்கு ஆள் மணியே சரி. இரண்டு பிரிவுக்கும் ஒரே வீதம் வைத்தால், தையல் மிகுந்த மலர் அச்சு மிகுந்த காலண்டரின் சுமையைச் சேர்த்துச் சுமக்கும். பிரிவுக்கு ஒரு வீதம், இன்னும் நுட்பமாக இயந்திரத்துக்கு ஒரு வீதம் என்பதே சிறந்த வழக்கம். பழைய ஒற்றை வண்ண மெஷினின் ஒரு மணியும் புதிய நான்கு வண்ண மெஷினின் ஒரு மணியும் விலையில் ஒன்றல்ல. நம் எடுத்துக்காட்டில் எளிமைக்காக ஒரே வீதம் வைத்திருக்கிறோம்.

வேலை முடிதலும் விற்பனையும்

101-ஆம் அட்டையைக் கூட்டினால் பொருள் 2,80,000, கூலி 40,000, மேற்செலவு 88,000, ஆக 4,08,000. ஒரு காலண்டருக்கு 40 ரூபாய் 80 காசு. 102-இல் 1,20,000, 35,000, 72,000 சேர்ந்து 2,27,000. ஒரு மலருக்கு 113 ரூபாய் 50 காசு. இரண்டும் முடிந்துவிட்டன.

முடிவுற்ற சரக்கு க/கு … பற்று 6,35,000
தயாரிப்பிலுள்ள வேலைகள் க/கு … வரவு 6,35,000

காலண்டர் பண்டல் கட்டி நகைக்கடைக்குப் போய்விட்டது. விலை, ஜிஎஸ்டி நீங்கலாக, 4,90,000. விற்பனைக்கு எப்போதும் இரண்டு பதிவுகள் ஜோடியாக வரும்: ஒன்று விற்ற விலைக்கு, மற்றது வெளியேறிய சரக்கின் அடக்கவிலைக்கு.

கடனாளிகள் க/கு … பற்று 4,90,000
விற்பனை க/கு … வரவு 4,90,000

விற்ற சரக்கின் அடக்கவிலை க/கு … பற்று 4,08,000
முடிவுற்ற சரக்கு க/கு … வரவு 4,08,000

மொத்த லாபம் 82,000. மலர் 2,27,000 மதிப்பில் கோடவுனில் காத்திருக்கிறது. தயாரிப்பிலுள்ள வேலைகள் கணக்கில் மாதம் முழுவதும் ஏறிய நிகரத் தொகை பொருள் 6,10,000, கூலி 1,20,000, மேற்செலவு 2,72,000, ஆக 10,02,000. வெளியேறியது 6,35,000. நிலுவை 3,67,000. டைரியின் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பொருள் 2,10,000, கூலி 45,000, மேற்செலவு 1,12,000, கூட்டினால் அதே 3,67,000.

விற்பனைப் பிரிவின் சம்பளம், டெலிவரி வண்டி வாடகை, அலுவலகச் செலவு ஆகியவை இந்த ஓட்டத்துக்குள் வருவதில்லை. அவை அந்தந்தக் காலத்தின் செலவாக நேரே லாப நட்டக் கணக்குக்குப் போகும். விலை சொல்லும்போது அவற்றையும் ஈடுகட்டும்படி சொல்ல வேண்டுமே தவிர, இருப்புச் சரக்கின் மதிப்பில் ஏற்றக் கூடாது.

கூடுதலாகவும் குறைவாகவும் ஏற்றிய மேற்செலவு

நவம்பரில் நேர்ந்த மேற்செலவு 2,15,000, வேலைகளில் ஏற்றியது 2,72,000. 57,000 கூடுதலாக ஏறிவிட்டது. பிப்ரவரியில் 130 மணிக்கு ஏறியது 1,04,000, நேர்ந்தது 1,80,000. அங்கே 76,000 குறைவு. மாதந்தோறும் இப்படி ஆடும் நிலுவையை மேற்செலவுக் கட்டுப்பாட்டுக் கணக்கிலேயே விட்டுவைக்க வேண்டும். பருவத் தொழிலில் மாத நிலுவையைக் கண்டு கலங்கி வீதத்தை மாற்றினால் முறையின் அடிப்படையே போய்விடும்.

ஆண்டு முடிவில் அதைத் தீர்த்தாக வேண்டும். ஆண்டு மேற்செலவு 24,60,000, இயந்திரம் ஓடியது 2,950 மணி, ஏற்றியது 23,60,000 என்று கொண்டால் ஒரு லட்சம் குறைவு. தொகை சிறியதானால் முழுவதையும் விற்ற சரக்கின் அடக்கவிலைக் கணக்கில் பற்றெழுதி முடித்துவிடுகிறார்கள். பெரியதானால் தயாரிப்பிலுள்ள வேலைகள், முடிவுற்ற சரக்கு, விற்ற சரக்கு ஆகிய மூன்றுக்கும் அவற்றில் அடங்கிய மேற்செலவின் விகிதத்தில் பிரிப்பது நூல்கள் சொல்லும் வழி.

பிரிப்பதற்கு முன் காரணத்தைப் பார்க்க வேண்டும். மதிப்பிட்டதைவிடக் கூடச் செலவானது 60,000. இயல்பைவிட 50 மணி குறைவாக ஓடியதால் ஏறாமல் போனது, மணிக்கு 800 வீதம், 40,000. முதல் பகுதியைச் சரக்குகளுக்குப் பங்கிடலாம். இரண்டாவது பகுதி, மேற்செலவு பெரிதும் நிலையானது என்ற அளவில், சும்மா நின்ற இயந்திரத்தின் செலவு. நிலையான உற்பத்தி மேற்செலவை இயல்பான திறனின் அடிப்படையில்தான் சரக்கில் ஏற்றலாம், உற்பத்தி குறைந்ததால் ஏறாமல் நின்றதை அந்த ஆண்டின் செலவாகவே காட்ட வேண்டும் என்று இந்தியத் தரநிலை சொல்கிறது. ஓடாத மெஷின் எந்த டைரியின் மதிப்பையும் கூட்டியதில்லை.

கழிவும் கெட்ட அச்சும்

மெஷினில் மை சீராகும்வரை, நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை, சில தாள்கள் வீணாகியே தீரும். வேலைக்குத் தாள் கணக்கிடும்போதே இந்தக் கழிவையும் சேர்த்து வாங்குகிறார்கள். அது இயல்பான கழிவு, வேலையின் அடக்கவிலையில் அடங்கும். கட்டிங் மெஷினின் அடியில் சேரும் துண்டுத் தாளை எடைக்குப் போட்டு வரும் பணம் பெரும்பாலும் மேற்செலவுக் கணக்கில் வரவாகிறது. ஒரு வேலையிலிருந்தே பெருமளவு துண்டு விழுந்தால் அந்த வேலைக்கே வரவு வைப்பது முறை.

காலண்டரில் ஒரு முகூர்த்த நாள் தவறாக அச்சாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தின் தாள் பத்தாயிரமும் மறு அச்சு. வாடிக்கையாளர் கையெழுத்திட்ட புரூஃபிலேயே அந்தத் தவறு இருந்தால் மறு அச்சின் செலவு 101-இல் ஏறும், பில்லிலும் ஏறும். புரூஃபில் சரியாக இருந்து பிளேட் மாறிப்போய் நேர்ந்ததென்றால் அது அசாதாரண நட்டம். அப்போது வேலைக் கணக்கில் வரவெழுதி, அசாதாரண நட்டக் கணக்கில் பற்றெழுதி, லாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோக வேண்டும். தன் தவறை வேலையின் அடக்கவிலையில் புதைத்தால் அடுத்த ஆண்டு அதே வாடிக்கையாளருக்கு அந்தத் தவறையும் சேர்த்தே விலை சொல்ல நேரும். முழுநாள் மின்தடைக்கும் இதே நெறிதான்.

ஒன்றிய கணக்கும் தனிக் கணக்கும்

மேலே காட்டிய பதிவுகள் நிதிக் கணக்கும் அடக்கவிலைக் கணக்கும் ஒரே ஏட்டில் இருக்கும் ஒன்றிய முறையில் அமைந்தவை. அடக்கவிலை ஏட்டைத் தனியாக வைக்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கே கடனீந்தோர், வங்கி போன்ற கணக்குகள் இரா. அவற்றுக்குப் பதிலாகப் பொதுப் பேரேட்டுச் சரிக்கட்டுக் கணக்கு என்ற ஒன்று எதிர்ப்பக்கமாக நிற்கும். ஆண்டு முடிவில் இரண்டு ஏடுகளின் லாபத்தையும் ஒத்துப்பார்க்கும் வேலை தனியாக வரும். கணினி மென்பொருள் வந்தபின் ஒன்றிய முறையே பரவலாகிவிட்டது. டேலி போன்ற மென்பொருள்களில் வேலைவாரியாகச் செலவு திரட்டும் வசதி இருக்கிறது. ஆனால் ஸ்டோர் சீட்டிலும் டைம் ஷீட்டிலும் வேலை எண்ணை எழுதுவது இன்னமும் மனிதர் கைதான்.

இந்தியாவில் சட்டப் பின்னணி

அடக்கவிலைக் கணக்காளர்களின் தொழில்முறை அமைப்பு 1944-இல் தொடங்கி, 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டபூர்வத் தகுதி பெற்றது. 2012 முதல் இந்திய அடக்கவிலைக் கணக்காளர் நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. 2013-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 148-ஆம் பிரிவும் 2014-ஆம் ஆண்டு விதிகளும், குறிப்பிட்ட தொழில்களில் ஆண்டு விற்றுமுதல் 35 கோடி ரூபாயைத் தொடும் நிறுமங்கள் அடக்கவிலைப் பதிவேடு வைக்க வேண்டும் என்கின்றன. தனி உரிமையாளரோ கூட்டாளிகளோ நடத்தும் அச்சகத்தை இந்த விதிகள் தொடுவதில்லை.

இருந்தாலும் வருமான வரிக்காக ஆண்டு இறுதி இருப்பை அடக்கவிலை அல்லது நிகர விற்பனை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதில் காட்டியாக வேண்டும். மார்ச் 31 இரவு மெஷினுக்கும் பைண்டிங் மேசைக்கும் நடுவே அடுக்கி நிற்கும் பாதி முடிந்த ஃபாரங்களுக்கு மதிப்பு எழுத வேண்டிய நேரம் அது. வேலை அட்டை வைத்திருக்கும் அச்சகத்தில் மேலாளர் திறந்திருக்கும் அட்டைகளை எடுத்து, அன்று வரையிலான சீட்டுகளை ஏற்றி, கடைசியாக ஓடிய மணிகளை வீதத்தால் பெருக்கிக் கூட்டுகிறார். பிறகு மேசை மேசையாகப் போய் ஃபாரங்களை எண்ணி, அட்டையில் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுகிறார்.